ஐந்து கிலோ தொள்ளாயிரம் கிராம்

ஒரு கிராமைக்கூட விட்டுக்கொடுக்காத என் புஷ்பம் அக்காவுக்கு,

அன்றைக்கு ஏலக்கொட்டகையில் இருந்தவர்கள்: நீ, நான், எடை போடும் சூசை, வியாபாரி லாரன்ஸ், நம் அண்ணன் மிக்கேல். ஒருத்தரையும் நான் மறக்கவில்லை.

உன் நண்டுக் கூடையைத் தராசில் வைத்ததும் வெறும் 5 என்று காட்டியது. முழுக் கிலோவை மட்டும் காட்டும் தராசு.

"தொள்ளாயிரம் கிராம் எங்க போச்சு?" என்று கேட்டாய்.

"கடல்ல போய்த் தேடுளா" என்றான் லாரன்ஸ்.

காலையில் வீட்டில் அதே கூடையை நிறுத்து, ஐந்து கிலோ தொள்ளாயிரம் என்று வாய்விட்டுச் சொன்னவன் அண்ணன்தானே. "நீ சொல்லுண்ணே" என்றாய். லாரன்ஸின் படகில் வேலை பார்த்த அண்ணன், அந்தப் படகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உன்னைப் பொய்க்காரி ஆக்கினார்கள். மன்னிப்புக் கேட்டால்தான் ஏலக்கொட்டகைக்குள் விடுவோம் என்றார்கள். சாகும்வரை நீ கேட்கவில்லை. தெருத்தெருவாகக் கூடை சுமந்தாய். கழுத்து எப்படி வலித்திருக்கும்?

இப்போது ஒரு சேதி. நம் பெண்கள் சங்கம் போனில் எடை காட்டும் தராசு வாங்கியிருக்கிறது. அது எல்லாவற்றையும் கிராமிலேயே அனுப்புமாம். அதை ஆள் படிக்கிற மாதிரி மாற்ற என் பேத்தி செல்வி கம்ப்யூட்டரில் சின்னதாய் ஒரு புரோகிராம் எழுதினாள். லைப்ரரி என்கிறாள், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் தராசுக்குப் போட்டுக்கொள்ளலாமாம். முதல் கூடை 3850 கிராம். போனில் "3 கிலோ" என்று வந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

"ஏளா, மிச்சம் எங்க?"

"படிக்க லேசா இருக்கட்டும்னு வெட்டிட்டேன் ஆச்சி."

"படிக்கவளுக்கு லேசு. சுமந்தவளுக்கு?"

உன் கதையைச் சொன்னேன். உடனே உட்கார்ந்து திருத்தினாள். இப்போது "3 கிலோ 850 கிராம்" என்று வருகிறது. கிலோவுக்குக் கீழே என்றால் கிராம் மட்டும். உப்பு லாரி மாதிரிப் பெரிய எடை என்றால் டன்னும் கிலோவும். அந்த லைப்ரரிக்குப் புஷ்பம் என்று பேர் வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டாள்.

நேற்று அண்ணன் கம்பு ஊன்றி வந்தான். "பேரை மாத்தச் சொல்லு ரோசு. செத்தவளை எதுக்கு இழுக்க?"

"இழுக்கத்தான் செய்வேன். இப்பவாவது சொல்லு, அன்னைக்கு எம்புட்டு இருந்துச்சு?"

காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

பேர் மாறாது அக்கா. நான் இருக்கும்வரை ஒரு கிராமையும் வெட்ட விடமாட்டேன். சூசை செத்துவிட்டான், போகட்டும். லாரன்ஸ் வியாபாரி, அவன் புத்தி அவ்வளவுதான். மிக்கேலை மட்டும் நான் மன்னிக்கவே மாட்டேன்.

உன் கூடைக்கு மறுபக்கம் கைகொடுத்த தங்கச்சி,
ரோஸ்