போன் வேண்டாம், எழுது

பாப்பாவோட அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முதுகுவலி தேவலையா?

கடல் நடுவுல எங்க காத்தாலை மேடையில நேத்து ஒரு சின்னக் கூத்து. சுவிட்ச் போட்டதும் வோல்டேஜ் எகிறி, அது டிரான்ஸ்பார்மருக்குப் போகாம தாங்குற தடுப்புக் கருவி வெடிச்சிடுச்சு. 'பழசு, மாத்துங்க'ன்னு மூணு மாசமா கத்தினேன், யார் கேட்டா? டிரான்ஸ்பார்மர் தப்பிச்சுது. மேலதிகாரி ஓடிவந்து அதைத்தான் சுத்திச் சுத்திப் பார்த்தார். பக்கத்துல நின்ன எனக்கு ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதே. காத்தாலை இரைச்சல்தான் சுத்தமா கேட்கலை. டாக்டர் எழுதித்தான் பேசுறார். 'திரும்ப வராது'ன்னும் எழுதினார்.

படகுக்காரர் கடிதத்துக்குக் கை நீட்டிட்டார். இனி போன் பண்ணாதே, எழுது. பாப்பா பேச ஆரம்பிச்சுட்டான்னு சொன்னியே, ஒரு வார்த்தை விடாம எழுது. 'அப்பா'ங்கிறதை எப்படிச் சொல்றான்னும் எழுது.