கயிற்றைப் பார்த்தோம், முடிச்சைப் பார்த்தோமா?

என் அன்பு மேகலா,

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. சுற்றி வளைத்துச் சொன்னால் பாதியிலேயே "மேட்டருக்கு வாடி" என்பாய், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில் ஒரு பள்ளி. ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் டீச்சர். ஆமாம், நான்தான். கல்லூரியில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" கூட உன்னைச் சொல்ல வைத்தவளேதான்.

பி.எட். முடித்ததிலிருந்து தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிளாஸ்டிக் மூடிகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவே தேவையில்லாத வேலை. எனக்கு அது எவ்வளவு வசதி, எவ்வளவு ஆபத்து என்று உனக்குத் தெரியும். பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டபோது, இதுவும் போனால் கடைசிவரை மூடிகளோடுதான் என்று பயந்தேன்.

எடுக்கச் சொன்ன கதை எது தெரியுமா? நம் இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் இருந்த அதே பழைய கதை. ஒரு பெண் தன் ஒரே மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டு, வெறும் கயிற்றோடு வீட்டுக்கு வந்து, அதை முளைக்குச்சியில் கட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாளே, அது.

கயிறு அவள் துயரத்தின் குறியீடு என்றார் பேராசிரியர். எங்கள் வீட்டில் மாடு விற்றால் கயிற்றை வாங்குகிறவருக்குக் கொடுக்க மாட்டோம், கையோடு எடுத்து வந்துவிடுவோம். நெல் விளைகிற ஊர்களில் எல்லாரும் செய்வதுதான். எல்லாரும் செய்வது எப்படிக் குறியீடாகும்? உன் காதில் கிசுகிசுத்தேன். நீ வழக்கம்போல் எழுந்து, உன் சந்தேகம் மாதிரியே கேட்டாய்.

"சார், எங்க ஊட்ல மாடு வித்தா கயித்த குடுக்க மாட்டோம் சார்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "உங்க ஊட்ல ஏதுடி மாடு? பழவேற்காட்ல இறாலுக்கா கயிறு கட்றீங்க?"

வகுப்பே சிரித்தது. மீன் பிடிக்கிற வீட்டுப் பெண் நீ கொஞ்சமும் அசரவில்லை. "டவுட்டு என்னுது. மாடு யாருதா இருந்தா உனக்கு இன்னா?" என்றாய். பேராசிரியரும் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் உன் பஸ் வந்தும் நீ ஏறவில்லை. குறியீடா, வழக்கமா என்று நமக்குள் சண்டை. "வழக்கம்னா அதுல துக்கம் இருக்கக் கூடாதா? சாவுக்கு அழுவறதும் வழக்கந்தான்" என்றாய். அப்படியானால் கதையின் கரு என்ன என்று கேட்டேன். "கத முடிஞ்சி பஸ்ல போய்க்கினு இருக்கும்போது மனசுல இன்னா ஓடுதோ, அதான்டி கரு." சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாய்.

அந்தச் சண்டை முடியவே இல்லை. மூன்றாம் ஆண்டில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு என் சந்தேகங்களைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று.

மாதிரி வகுப்பில் கரும்பலகை முழுக்க எழுதினேன். கரு, குறியீடு, முரண், நனவோடை. குரல்தான் எழும்பவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து தலைமையாசிரியையும் பார்த்தார். அப்போது ஜன்னலோரத்தில் ஒரு பெண் தலையைக் குனிந்து பக்கத்திலிருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். பக்கத்திலிருந்தவள் எழுந்தாள்.

"மிஸ், ஒரு டவுட்டு. கயித்த ஊட்டுக்கு எடுத்தாறது சரி, எங்க நைனாவும் எடுத்தாருவாரு. மாடுதான் இல்லியே, வெறுங்கயித்த ஏன் மிஸ் முளக்குச்சில கட்றாங்க?"

நான் ஜன்னலோரத்தைப் பார்த்தேன். அவள் டெஸ்க்கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கயிற்றை எடுத்து வருவது யாருடைய அப்பா என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கயிற்றுக்காக ஒரு பஸ்ஸையே விட்டோமே மேகலா, அந்த முடிச்சை நாம் பார்த்தோமா? கயிற்றை எடுத்து வருவது ஊர் வழக்கம். ஒன்றுமில்லாத கயிற்றைக் கட்டியது அவள். எழுதியவர் அந்த ஒரு வரியை விளக்காமல் நம்மிடம் விட்டுவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

"நீங்களே சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான்.

"பழக்க தோஷம் மிஸ். மறந்துபோய் கட்டிட்டாங்க."

"அய்ய, மாடு வித்தத யாராச்சும் மறப்பாங்களா? இன்னொரு மாடு வாங்கப் போறாங்க மிஸ், அதுக்கு ரெடியா வெக்கறாங்க."

"இன்னொரு மாடு வாங்க டப்புக்கு எங்க போவாங்க? மனசு கேக்கல, அதான் கட்றாங்க."

மறதி என்றால் அது ஒரு கதை. இன்னொரு மாடு வரும் என்றால் வேறு கதை. எழுதியிருப்பதோ அந்த ஒரே வரி! கரும்பலகையை அழித்துவிட்டு "முடிச்சு" என்று மட்டும் எழுதினேன். மணி அடித்தது என் காதில் விழவில்லை.

வெளியே வந்ததும் தலைமையாசிரியை சொன்னார். "நல்லாத்தான் போச்சும்மா. ஆனா ஜன்னலாண்ட ரெண்டு பொண்ணுங்க குசுகுசுன்னு பேசிக்கினே இருந்துச்சிங்க. பிரிச்சி உக்கார வெச்சிருக்கணும்."

தலையாட்டிவிட்டு வந்திருந்தால்தான் அது வழக்கமான நான். "வேணாம் மேடம்" என்றேன். "அவங்க ஒண்ணாவே இருக்கட்டும். ஒருத்தி நெனைக்கறா, இன்னொருத்தி கேக்கறா. அந்தக் கேள்வி அப்படித்தான் வந்துச்சி."

சொன்ன பிறகுதான் வேலை போயிற்று என்று உறைத்தது. அவர் சொன்னதோ வேறு. "பேச மாட்டீங்களோன்னு நெனச்சேன். திங்கக்கெழம வந்து சேந்துருங்க."

வீட்டில் அம்மா கேசரி கிண்டினாள். "எம்பொண்ணு இனிமே பேசுவா" என்று அப்பா தெருவெல்லாம் சொல்கிறார். "மொதல்ல ஊட்ல பேசட்டும்" என்கிறாள் அம்மா.

அன்று திரும்பி வரும் ரயிலில், கவரைப்பேட்டை தாண்டும்போது, என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? நீ போனதிலிருந்து ரயிலிலும் கம்பெனி பஸ்ஸிலும் பக்கத்து இடத்தில் என் பையை வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். யாராவது கேட்டால்தான் எடுப்பேன். இது பழக்க தோஷமா மேகலா? நீ என்ன சொல்வாய்?

அந்த இரண்டு பெண்களையும் நான் பிரிக்க மாட்டேன். அவள் கேள்வியை இவள் கேட்டால், பதிலை இரண்டு பேரையும் பார்த்தே சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உன் பக்கத்து இடத்துச் சகோதரி,
பூங்கொடி