ஒரு விரல் உயரம்

மார்ஸ்ட்ராண்ட், வியாழன்

அன்புள்ள குன்வோர்,

உன் இடுப்புவலி தணிந்ததா? நான் நலம். என் மூட்டுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி, சுக்கான் பிடிக்கும் ஹென்னிங் இன்று என்னைக் கரையிலேயே விட்டுவிட்டான். நான் வடிவமைத்த பாய்மரப் படகு பந்தயத்தில் முதலாவதாக வந்தது. ஆனால் அதன் பின்புறம், நான் வரைந்த நீர்மட்டக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே மிதந்தது. படகு சாயாமலிருக்க அடியில் பொருத்திய ஈய எடையை ஹென்னிங் திருட்டுத்தனமாகக் குறைத்துவிட்டானோ என்று சந்தேகப்பட்டு அவனிடமே கேட்டேன்.

"ஈயமெல்லாம் பத்திரமா இருக்கு, பெரியவரே. குறைஞ்சது நீங்க மட்டும்தான்!" என்று சிரித்தான்.

என் எடையை வைத்துக் கணக்குப் போட்டேன். சரியாக ஒரு விரல்தான் வருகிறது. ஆனாலும் என் மூட்டைப் பற்றி அவன் இதற்கு முன் விசாரித்ததே இல்லையே!

கம்பளிக் காலுறைகளை அனுப்பிவை. தபால் படகு புறப்படப்போகிறது. நாளைய பந்தயத்துக்கு எல்லோருக்கும் முன்பே என் பாய்மரப் படகில் ஏறி, பின்புறத்தில் என் இடத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

உன்,
ஆர்விட்