தரையிலிருந்து பேசியவருக்காக

அனுப்புநர்:
சோதனைப் பறப்பில் உயிர்நீத்த விமானியின் மனைவி,
ஊழியர் குடியிருப்பு, ஓடுதளச் சாலை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
விமானச் சோதனை நிலையம்.

பொருள்: விபத்து அறிக்கையின் பேரில் பணிநீக்கம் செய்யப்பட்ட தரைப் பொறியாளரை மீண்டும் பணியில் அமர்த்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் கணவர் ஓட்டிய முதல் முன்மாதிரி விமானம் வால் அதிர்ந்து விழுந்ததற்கு யார் பொறுப்பு என்ற அறிக்கை நேற்று என் கைக்கு வந்தது. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எண்ணி அனுப்பியிருப்பீர்கள். ஆறுதலாக இல்லை.

1. ஆபத்து என்று கண்டதும் தரையிலிருந்து பேசுபவர் "வெளியேறு" என்று கட்டளையிட வேண்டும் என்பது விதி. அன்று பேசிய பொறியாளர் தம்பியோ, "அண்ணே, குதிச்சிடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மூத்தவரிடம் மரியாதை பார்த்ததில் நேரம் போய்விட்டது, கட்டளையிட்டிருந்தால் என் கணவர் பிழைத்திருப்பார் என்பது குழுவின் முடிவு.

2. குழுவில் இருப்பவர்கள் யாரும் அவருடன் குடித்தனம் நடத்தியவர்கள் அல்லர். வீட்டு மின்விசிறி தடதடத்தால், எந்த வேகத்தில் தடதடக்கிறது என்று பார்த்து முடிக்காமல் சாப்பிட வரமாட்டார். கெஞ்சியிருக்கிறேன், அதட்டியும் பார்த்திருக்கிறேன். "இதோ" என்று மட்டும் பதில் வரும். சோறு ஆறிப்போகும்.

3. ஒலிப்பதிவை நானும் கேட்டேன். தம்பி கேட்டதற்கு அவர், "இருப்பா, வால் எப்படி ஆடுதுன்னு சொல்றேன், எழுதிக்க" என்கிறார். கேள்வி அவர் காதில் விழுந்தது, பதிலும் சொன்னார். அந்தப் பதில் அறிக்கையில் விடுபட்டுள்ளது. அவர் சொன்ன அளவுகளைக் கொண்டுதான் இரண்டாவது விமானத்தின் வால் திருத்தப்பட்டது என்று அதே அறிக்கை வேறொரு பக்கத்தில் கூறுகிறது. அவற்றை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டவரைத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

4. எனக்குக் கோபமே இல்லை என்று சொல்லமாட்டேன். கோபம் என் கணவர் மீதுதான். ஒரு தடவையாவது கூப்பிட்டதும் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவர் கடைசியாகக் கேட்ட மனிதக் குரல் அவரை அண்ணே என்று அழைத்தது. அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

5. விபத்து நடந்ததிலிருந்து அந்தத் தம்பியின் வீட்டுக்கு நான் பலமுறை போய்விட்டேன். கதவைத் திறக்கிறார், நாற்காலி போடுகிறார், "உக்காருங்க அண்ணி" என்கிறார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவர் மனைவி அழுகிறாள். உங்கள் மேல் தப்பு இல்லை என்று நான் சொன்னால், விதவை பெருந்தன்மையாகப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொள்கிறார். அதைத் தாங்கள் சொன்னால்தான் நம்புவார்.

ஆகவே, விடுபட்ட பதிலை அறிக்கையில் சேர்த்து, பணிநீக்க ஆணையை ரத்து செய்து, இரண்டாவது விமானம் பறக்கும் நாளில் தரையிலிருந்து பேசும் இருக்கையில் அவரையே அமர்த்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எனக்கென்று வேறு எதுவும் கேட்கவில்லை. என் கணவரைப் பற்றிப் பேச எனக்கு மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான், ஐயா. அவர் என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

இடம்: ஊழியர் குடியிருப்பு
நாள்: அறிக்கை கிடைத்த மறுநாள்

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
விமானியின் மனைவி