நம் கரடியைப் பற்றி எழுதுகிறார்கள்

அன்புத் தோழிக்கு,

இன்று காலை ஒடுகத்தூர் பேருந்து நிலையத்தில் உங்கள் ஊர் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தேன். கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. நாம் இருவரும் செய்த கணினி விளையாட்டைப் பற்றிப் புதிதாக ஒருவர் கருத்து எழுதியிருந்தார். "கரடியை இருபது தடவை அடித்தேன். இருபது தடவையும் அது கோபப்படாமல் காரணம் கேட்டது. அதற்குமேல் எனக்கே வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க ஏதாவது பொத்தான் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது!" இடம் பொருள் பாராமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

அந்தப் பொத்தானை வைக்கச் சொன்னது நீ. "கரடிகிட்ட எவன்டி மன்னிப்பு கேக்கப் போறான்?" என்றேன் நான். "எவனாச்சும் ஒருத்தன் கேப்பான். அவனுக்கோசரம் வையி" என்றாய். நீ போன இந்த ஒன்றரை வருடத்தில் அந்த ஒருத்தன் பலமுறை வந்துவிட்டான். ஒவ்வொரு முறையும் உன்னைக் கூப்பிட்டுச் சொல்லத்தான் முதலில் கை போகிறது.

வேலூரில் கல்லூரி விடுதியின் அந்த அறையை நினைத்துக்கொள்கிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தேன், நீ கணக்கு. ஜன்னலோரக் கட்டிலில் கால்களை மடக்கி உட்கார்ந்து, கிராஃப் நோட்டின் கட்டங்களை ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பிக்கொண்டிருப்பாய். பதினாறுக்குப் பதினாறு கட்டம். அதற்குள் ஒரு மரம், ஒரு கோழி, ஒரு பஸ். ஒருநாள் ஒரு கரடியை வரைந்து என் முன்னால் வைத்தாய். கண்ணுக்கு இரண்டு கட்டம், மூக்குக்கு ஒன்று. அதற்குள் எப்படி அவ்வளவு சலிப்பை வைத்தாயோ தெரியாது. யாருக்காகவோ வெகுநேரம் நின்று அலுத்துப்போன முகம் அதற்கு.

"இது இன்னாத்துக்கு இப்படி நிக்குது?" என்றேன்.

"அதான் கதை" என்றாய்.

கதை அவ்வளவுதான். தூக்குவாளியில் சாமைச் சோறு எடுத்துக்கொண்டு அடுத்த மலையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறாள் ஒருத்தி. ஒற்றையடிப் பாதையின் நடுவில் கரடி நிற்கிறது. அடித்தால், "இன்னாத்துக்கு அடிக்கற? நான் பாட்டுக்குத்தானே நிக்கறேன்?" என்று கேட்கிறது. தேன் கொடுத்தால் பல் வலி என்கிறது. பலாச்சுளை கொடுத்தால் நேற்றுதான் தின்றேன் என்கிறது. கரடிக்கு என்னதான் வேண்டும் என்று மலை முழுக்க அலைந்து ஆளாளுக்குக் கேட்க வேண்டும். நட்சத்திரம் பார்க்கும் வட்டக் கூரைக் கட்டடத்து வாட்ச்மேனைக் கேட்டால், "அம்மாந் தூரத்து நட்சத்திரம் தெரியுதும்மா, வளைவுக்கு அந்தாண்ட பஸ் வருதான்னு மட்டும் தெரிய மாட்டேங்குது" என்று தன் கவலையைச் சொல்வார். கடைசியில்தான் தெரியும், கரடி நிற்கிற இடம் பஸ் நிறுத்தம். அதுவும் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறது. "கரடிக்கு இன்னா வேணும்?" என்று பெயர் வைத்தாய். ஒரு மணி நேரத்தில் விளையாடி முடித்துவிடலாம். படமும் வசனமும் நீ, புரோகிராம் நான்; செய்து முடிக்க நமக்கு இரண்டு வருடமானது.

முதலில் விளையாடியவர் உன் அம்மா. மடிக்கணினியை நெல் மூட்டைமேல் வைத்து, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று நீ காட்டினாய். தூக்குவாளிக்காரி வாயைத் திறந்ததுமே அம்மா உன் முதுகில் ஒரு அடி வைத்தார். "நான் பேசற மாதிரியே பேசுதே, கழுத! என்னப் புடிச்சி இதுக்குள்ள போட்டுக்கினியா?" என்றார். கோபம் இல்லை. கரடியை ஒருமுறைகூட அடிக்காமல் விளையாட்டை முடித்தவர் இன்றுவரை அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். "வாயில்லாத ஜீவன் வாயத் தொறந்து பேசுது, அத போயி எவனாச்சும் அடிப்பானா?" என்று என்னைக் கேட்டார். நான் எட்டு முறை அடித்திருந்தேன். சொல்லவில்லை.

இணையத்தில் இலவசமாக வெளியிட்டோம். முதல் வாரம் நண்பர்கள்தான் எழுதினார்கள். பிறகு முகம் தெரியாதவர்கள் வந்தார்கள். "எழுத்துப்பிழை மலிந்திருக்கிறது." "இன்னா, வூடு, கீது, இதெல்லாம் ஒரு தமிழா?" என்றார்கள். அவற்றைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பெரியவர் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார்: "நகரத்து இளைஞர்கள் மலை மக்களின் பேச்சைக் கொச்சையாகக் காட்டிக் கேலி செய்கிறார்கள்." அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் அடிவாரத்துக்காரி, கடைக்காரர் மகள். அவர் என்னைத்தான் சொல்கிறார் என்று தோன்றியது.

மலைமேல் உங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பாறைமேல் ஏறினால்தான் அப்போது சிக்னல் கிடைக்கும். உன்னைக் கேட்க இரண்டு நாளாகும். நான் இரண்டு நாள் பொறுக்கவில்லை. ஒரே மதியத்தில் உட்கார்ந்து எல்லா வசனங்களையும் மாற்றினேன். "தாங்கள் என்னைத் தாக்குவதன் காரணம் யாது?" என்று கேட்டது கரடி. புதிய பதிப்பாக ஏற்றிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த வாரமே ஒருவர் எழுதினார்: "கரடி திடீரென்று தமிழாசிரியர் ஆகிவிட்டதே, அதற்கு என்ன ஆயிற்று?" உனக்கு விஷயம் தெரிந்ததே அதைப் படித்துத்தான். பாறைமேல் நின்று படித்திருக்கிறாய்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாய். அப்பா வாசலில் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். "வாம்மா, இன்னா இவ்ளோ காலையிலயே?" என்றார். "உங்க பொண்ண பாக்கணும்ங்க" என்று அவரிடம் சிரித்துவிட்டு உள்ளே வந்தாய். உள்ளே வந்ததும் அந்தச் சிரிப்பு இல்லை.

"கேலி பண்றாங்கன்னு ஒருத்தர் எழுதிக்கினு கீறாரு. சரி. அதுக்கு நீ இன்னா பண்ண?"

நான் மடிக்கணினியைத் திறந்து கரடியின் புதிய வசனத்தைக் காட்டினேன்.

"எங்கம்மா பேச்ச துடச்சி எடுத்துட்ட. இப்ப சொல்லு. யாருடி கேலி பண்ணது?"

குரலை உயர்த்தவே இல்லை நீ. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. "பழைய ஃபைல் அப்படியே இருக்குதுடி. இப்பவே மாத்திடறேன்" என்றேன்.

"வேணாம். மறுபடியும் நானே எழுதறேன். முன்னயே சில எடம் சரியில்ல. உனக்குப் புரியணுமேன்னு பயந்து பயந்து எழுதனேன்."

அந்தக் கடைசி வாக்கியம் இன்றும் எனக்குள் இருக்கிறது. ஐந்து வருடத் தோழி நான். என் முன்னால்கூட உன் பேச்சைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறாய்.

மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்கி எழுதினாய். எழுதியதைச் சோதிக்க அப்பாவை உட்கார வைத்தோம். வாழ்நாளில் வீடியோ கேம் பக்கம் போகாத மனிதர். கரடியை அடி அடி என்று அடித்தார். "இன்னாய்யா, கை வலிக்கலியா உனக்கு? வா, செத்த குந்து" என்று கரடி புதிதாக ஒன்று சொன்னது. அப்பா கையை எடுத்துவிட்டு உன்னைத் திரும்பிப் பார்த்தார். "இது யாரும்மா எழுதனது?" "நான்தாங்க." "என்னியவே சொல்ற மாதிரி கீதே!" கண்ணில் நீர் வர மூவரும் சிரித்தோம். இந்தப் பேச்சைப் பற்றி யார் என்ன எழுதுவார்களோ என்கிற பயம் அன்றோடு என்னை விட்டுப் போயிற்று.

ஊருக்குக் கிளம்பும் முன் அந்தப் பெரியவருக்கு நீயே பதில் எழுதினாய். "ஐயா, வணக்கம். கரடி பேசுவது எங்கள் வீட்டில் பேசும் தமிழ். எழுதியவள் நான், இந்த மலையில் பிறந்தவள். எங்கள் ஊரில் எல்லோரும் விளையாடிச் சிரித்தார்கள். நீங்களும் தாராளமாகச் சிரிக்கலாம்." அவர் பதில் எழுதவில்லை. தன் கருத்தை மாற்றவும் இல்லை. அது இன்னும் அங்கேயே இருக்கிறது. அதன் கீழே உன் பதிலும் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் படித்துவிட்டுத்தான் விளையாடப் போகிறார்கள்.

பிறகு நாம் செய்த ஆங்கிலப் பதிப்பிலும் "இன்னா" என்ற சொல்லை மட்டும் அப்படியே விடச் சொன்னாய். "அவங்களும் ஒரு வார்த்த கத்துக்கட்டும்" என்றாய். அந்தப் பதிப்பு வெளிவந்த மழைக்காலத்தில்தான் உன் மூச்சு வாங்கல் அதிகமானது. சிறுவயது முதலே இதயத்தில் கோளாறு என்பதை மாத்திரை டப்பாவைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேனே தவிர, நீ பேச்செடுத்ததில்லை. கடைசியாக உன்னைப் பார்த்தபோதும், "யாரு இன்னா எழுதிக்கிறாங்க? திட்டு எதுனா வந்துதா?" என்றுதான் கேட்டாய். ஒன்றும் வரவில்லை என்றேன். "அப்ப யாரும் ஒழுங்கா ஆடல" என்றாய். நான்காம் நாள் உன் அண்ணன் போன் செய்தார். இருபத்தாறு வயது உனக்கு.

இப்போது நிறையப் பேர் ஆடுகிறார்கள். பிரேசிலிலிருந்து ஒருவர் தன் வீட்டு நாய்க்கு "இன்னா" என்று பெயர் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார். கனடாவில் வேலை பார்க்கும் ஆரணிக்காரி ஒருத்தி, "பத்து வருடமாக அலுவலகத்தில் என் பேச்சை மறைத்தே பழகிவிட்டேன். இந்தக் கரடி மறைக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாள். போன மாதம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். மலைப் பேச்சை இவ்வளவு நன்றாக எங்கே கற்றீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். நான் கற்கவில்லை, ஒருமுறை அழித்தேன், எழுதியவள் வந்து திரும்ப வைத்தாள் என்றேன். அரங்கில் உன் பெயரை மூன்று முறை சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

மாதம் ஒருமுறை உங்கள் ஊருக்குப் போகிறேன். புதிதாக வந்த கருத்துகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதை நம் பேச்சில் சொல்வேன். புளியை உருண்டை பிடித்துக்கொண்டே கேட்பார். பாராட்டுக்குத் தலையை ஆட்டுவார். திட்டு வந்தால் கையை நிறுத்திவிட்டு, "இன்னா, மறுபடி படி" என்பார்.

போன முறை ஒரு குறையே திரும்பத் திரும்ப வந்திருந்தது. அதைப் படிக்காமல் விட்டுவிடலாம் என்று தாளை மடித்தேன். அம்மா விடவில்லை.

"இன்னா எழுதிக்கிறாங்க? மறைக்காத சொல்லு."

"ரொம்பச் சின்னதா கீதாம்மா. சட்டுனு முடிஞ்சிப் போச்சாம். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாமாம்."

அம்மா புளி உருண்டையைத் தட்டில் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சின்னதுன்னுதானே சொல்றாங்க. நல்லா இல்லன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

உன் தோழி