வாசலில் ஓர் ஆணின் காலணி

என்னவளுக்கு,

உன் புகைப்படக் கண்காட்சியை உனக்குத் தெரியாமல் நேற்றே போய்ப் பார்த்துவிட்டேன். பன்னிரண்டு படங்களும் நம் பெர்கன் வீட்டுச் சமையலறைதான். எல்லாமே காலை வெளிச்சத்தில், நான் படகுத்துறையில் வேலையாக இருக்கும் நேரத்தில் எடுத்தவை. பதினொரு படங்களில் மேசைமேல் இரண்டு காப்பிக் கோப்பைகள்; வாசலில், விருந்தாளி கழற்றி வைத்ததுபோல, ஓர் ஆணின் காலணி.

யாருடையது என்று கண்காட்சிக் கூடத்தை நடத்தும் உன் தோழி தூருனிடம் கேட்டேன், சும்மா கேட்பதுபோல.

"நீ தூக்கிப் போடச் சொன்ன உன் பழைய ஷூதான்யா அது! சாயங்காலம் உன்கிட்ட பேச வேண்டியத, காலையிலயே உன் காலி நாற்காலிகிட்ட பேசிப் பாத்துக்குறா. அவள மாதிரி எனக்கும் ஆட்டிசம்தானே, நானும் அப்படித்தான். சிடுமூஞ்சி ஆளுன்னா ரெண்டு தடவ ஒத்திகை!" என்று சிரித்தாள்.

வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் அந்தக் கடைசிப் படம் கண்ணை விட்டுப் போகவே இல்லை. அதே மேசை, அதே வெளிச்சம். ஒரே ஒரு கோப்பை. வாசலில் காலணி இல்லை.

அன்று காலை எதற்கு ஒத்திகை பார்த்தாய்?

இன்னும் உன் கணவன்.