நைனாவைக் குளிர வைத்தபோது

நெருப்புக்கு முன்னாடி நின்னே எங்களை வளர்த்த என் நைனாவுக்கு,

நீ போய் ஒரு மாசம் ஆகுது. காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க கிளம்பிட்டாங்க. தங்கச்சிக்கு மீஞ்சூர்ல வேலை கிடைச்சிருக்கு. அம்மா சாப்பிடுறா, தூங்குறா.

முதல் தடவை நடந்தது உனக்கு முழுசா தெரியாது. கும்மிடிப்பூண்டி உருக்காலையில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்ட. நின்னுபோன இதயத்தை ஆஸ்பத்திரியில மறுபடி ஓட வெச்சாங்க. ஆனா நீ கண்ணைத் திறக்கலை. மூளை கெடாம இருக்க உடம்பைக் குளிர வைக்கணும், அப்புறம் மெதுவா சூடேத்துவோம், எழுந்திருப்பாரான்னு உறுதியா சொல்ல முடியாதுன்னார் டாக்டர்.

சித்தப்பா உள்ளே போய் உன் காலைத் தொட்டார். வெளியே வந்ததும் போனை எடுத்தார். சாமியானா, ஃப்ரீசர் பாக்ஸ், மேளம் எல்லாத்துக்கும் சொல்லியாச்சு.

"அண்ணன் பூட்டாரு அண்ணி. ஆஸ்பத்திரிக்காரனுங்க சொல்லாம வெச்சிக்கினு கீறானுங்க. கையெழுத்துப் போடு, ஊட்டுக்குத் தூக்கினு போலாம்."

நம்ம ஜனங்களுக்கு சில்லிட்ட உடம்புன்னா வேற என்ன அர்த்தம்? அம்மாவும் போய்த் தொட்டுப் பார்த்தா. அவளுக்கும் பயம்தான்.

"சில்லுனுதான் கீது. சூடு பண்றோம்னாங்க இல்ல? பண்ணட்டும். அதுவரைக்கும் எவனும் எங்கிட்ட கையெழுத்து கேக்கக் கூடாது."

அவ கையெழுத்துப் போட்டிருந்தா நீ அன்னிக்கே போயிருப்ப.

சூடேத்தினாங்க. கண்ணைத் திறந்த. தொண்டைக் குழாயை எடுத்ததும் அம்மாவைப் பார்த்து நீ கேட்ட முதல் கேள்வி, "நாஷ்டா துன்னியாம்மே?" சித்தப்பா சாமியானாவைப் பிரிக்க ஓடினார். ஐயோ, எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்துச்சு.

இந்தத் தடவை தூக்கத்துலேயே போயிட்ட. காலையில தொடும்போது உடம்பு விறைச்சிருந்துச்சு. டாக்டர் வந்து பார்த்து, உயிர் போய் நேரமாச்சுன்னு சொல்லிட்டார். சித்தப்பா அப்பவும் போனை எடுக்கலை. அம்மா முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னார். அவ தலையாட்டின அப்புறம்தான் எல்லாருக்கும் சொன்னோம்.

நேத்து எனக்குச் சோறு போட்டுக்கிட்டே அம்மா கேட்டா: "அன்னிக்கு மாதிரி சூடு பண்ணியிருந்தா எழுந்திருப்பாராடி? நாமதான் அவசரப்பட்டு எடுத்துட்டமா?"

நான் தட்டை எடுத்துக்கிட்டுக் கைகழுவ எழுந்து போயிட்டேன்.

ஆனா சொல்றேன் நைனா. இல்லம்மா, அவர் போயிட்டாரும்மான்னு இன்னிக்கே சொல்லிடறேன். நாளைக்கும் கேட்டா நாளைக்கும் சொல்றேன்.

அம்மாவைப் பார்த்துக்கிட்டிருக்கிற,
உன் பெரிய பொண்ணு